விரால் குஞ்சும் வெட்டி வீரமும்

கோடை லீவு விட்டால் போதும், என் போனில் ஒரே மாதிரி வீடியோவாக வந்து விழுகிறது. கூலிங் கிளாஸ் போட்ட ஒரு அண்ணன் பாதி வற்றிய குளத்தின் கரையில் நின்றுகொண்டு, "மக்களே, இன்னைக்கு செம ஸ்பாட்டு" என்பார். கேமரா தண்ணீர் பக்கம் திரும்பும். பாசிக்கு நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தண்ணீர் கொதிக்கிற மாதிரி பொரிந்துகொண்டிருக்கும். உற்றுப் பார்த்தால் ஆரஞ்சு கலரில் பொடிப் பொடியாகக் குஞ்சுகள். விரால் குஞ்சுகள். அண்ணன் ரப்பர் தவளையை அந்தக் கூட்டத்தின் மேலேயே ஒரு தடவை போட்டு இழுப்பார். ரெண்டு தடவை. மூணு தடவை. நாலாவது தடவை தண்ணீர் வெடிக்கும், ராடு வளையும், பின்னணியில் மாஸ் பாட்டு ஓடும். ஒன்றரைக் கிலோ விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்பு. கீழே "தலைவா வேற லெவல்" என்று நூறு பேர்.

அந்தச் சிரிப்போடுதான் எனக்குச் சண்டை.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். நான் சைவம் இல்லை. மீன் பிடிப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. நம் காலேஜில் எல்லோரும் மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. நான் சொல்வது ஒன்றே ஒன்று: குஞ்சு காக்கும் விரால் மேல் தூண்டில் போடாதீர்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் அங்கே ஆரம்பிக்கவே கூடாது. கோடையில் ஆரம்பிக்கவே கூடாது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், அந்தத் தப்பைச் செய்தவன் நான்.

ராயபுரத்தில் பிறந்தவனுக்கு மீன் என்றால் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடப்பதுதான். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை தூங்கினால்தான் திங்கட்கிழமை நிற்க முடியும். எனக்குத் தூண்டில் பிடிக்கச் சொல்லித்தர ஆள் இல்லை. எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றதுதான். போன வருஷம் ஏப்ரலில் ஃபிரெண்டின் ராடைக் கடன் வாங்கிக்கொண்டு காங்கேயம் பக்கம் ஒரு ஊர்க் குளத்துக்குப் போனோம். ரெண்டு மணி நேரம் ஒன்றும் மாட்டவில்லை. அப்புறம் ஃபிரெண்டுதான் கத்தினான், "டேய் மாப்ள, குஞ்சுடா! அங்க போடு!"

போட்டேன். மூன்றாவது இழுப்பில் மாட்டியது. என் வாழ்க்கையின் முதல் மீன், ஒரு கிலோ இருக்கும். கை நடுங்கியது. பத்துப் பதினைந்து போட்டோ எடுத்தோம். ஸ்டேட்டஸ் வைத்தோம். அப்புறம் இன்னொன்று மாட்டுமா பார்க்கலாம் என்று அதே இடத்துக்குத் திரும்பினோம்.

ஆரஞ்சுக் கூட்டம் அங்கே இல்லை. சிதறிக் கிடந்தது. கீழிருந்து ஜிலேபி மீன்கள் வந்து வந்து கொத்திக்கொண்டிருந்தன. மேலே ஒரு மீன்கொத்தி மூன்று முறை இறங்கி ஏறியது. கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றிருந்தார். திட்டவில்லை.

"ஏனுங் தம்பி, குஞ்சு மேய்ச்சுக்கிட்டு இருந்த மீனுங்க அது. அதைய இழுத்துப்போட்டீங்கன்னா இதுகள ஆருங்க பாத்துக்குவாங்க?"

அவ்வளவுதான் கேட்டார். ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி அம்மா குழம்பு வைத்தார். சாப்பிட்டேன், ருசியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் செரிக்கவில்லை. அப்புறம்தான் வீடியோவை விட்டுவிட்டுக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன்.

விரால் மற்ற மீன் மாதிரி முட்டையைப் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போகிற ஜாதி இல்லை. பாசிக்கு நடுவே கொஞ்சம் இடத்தைச் சுத்தம் செய்து அங்கே முட்டையிடும். முட்டை தண்ணீரில் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரியும். அப்புறம் சில வாரங்களுக்கு அந்தக் குஞ்சுகள் பந்து மாதிரி ஒன்றாகவே திரியும், தாயும் தகப்பனும் அடியிலேயே காவல் இருக்கும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால், கொஞ்சம் வளர்ந்த குஞ்சுகள் மூச்சுவிட மேலே வந்து வந்து போகும். நமக்குத் தண்ணீர் பொரிகிற மாதிரித் தெரிவது அதனால்தான். அதாவது அந்தக் குஞ்சுகள் உயிரோடு இருக்க மேலே வந்துதான் ஆக வேண்டும். மேலே வந்தால் நம் கண்ணில் பட்டுத்தான் ஆக வேண்டும்.

இப்போது அந்த "செம ஸ்ட்ரைக்" என்னவென்று யோசியுங்கள். குஞ்சு காக்கும் விரால் பசித்து வந்து உங்கள் தவளையைக் கவ்வவில்லை. பிள்ளைகளின் நடுவே வந்து விழுந்த ஒன்றை விரட்ட வந்தது. இடம் தெரியும், வரும் என்றும் தெரியும், திரும்பத் திரும்பப் போட்டால் கட்டாயம் வரும் என்றும் தெரியும். இதில் திறமை எங்கே இருக்கிறது? பால்வாடி வாசலில் நின்று குழந்தையைக் கிள்ளினால் அம்மா ஓடிவரத்தான் செய்வாள். அதைப் பெரிய தந்திரம் என்று யாராவது வீடியோ போடுவார்களா?

"அதெல்லாம் சரி, கோடைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்பீர்கள். இருக்கிறது. விரால் மழையை ஒட்டித்தான் அதிகமாகக் குஞ்சு பொரிக்கும். ஆனால் நம் ஊர் வெக்கைக்கு வருஷத்தில் பல மாதங்களிலும் குஞ்சு பார்க்கலாம். கோடை மழை ரெண்டு பெய்து புதுத் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்தாலே ஆரம்பித்துவிடும். அதே சமயம் குளம் பாதியாகச் சுருங்கியிருக்கும். பத்து ஏக்கரில் ஒளிந்திருந்த மீன் இப்போது ரெண்டு ஏக்கரில். கரையில் நின்றாலே குஞ்சு தெரியும்.

தண்ணீரே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைக்கும். 30 டிகிரி ஆனால் ஏழரைதான். வெயில் ஏற ஏற மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, தண்ணீரில் காற்று குறைவு. கெண்டையும் கட்லாவும் திணறும் அந்த நேரத்தில் மேலே வந்து காற்றை விழுங்கித் தப்பிக்கிற விராலுக்கு இயற்கை கொடுத்த சலுகை ஒன்று இருக்கிறது. நாம் அந்தச் சலுகையிலேயே கை வைக்கிறோம்.

இந்த ரப்பர் தவளை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலிருந்து. அங்கே பாஸ் என்று ஒரு மீன். நம் விராலுக்கும் அதற்கும் உறவு கிடையாது, ஆனால் குணம் ஒன்று: பாசிக்குள் ஒளிந்திருந்து பாயும், குஞ்சைக் காக்கும். பாஸில் காவல் தகப்பனுக்கு மட்டும். கோடையில் பாஸ் பிடிப்பது எப்படி என்று அவர்கள் ஆயிரம் பாடம் எடுக்கிறார்கள்: விடியலில் போ, நிழலைத் தேடு, பாசி ஓரத்தில் தவளை போடு. நம் அண்ணன்மார் அதை அப்படியே விராலுக்குத் திருப்பிக்கொண்டார்கள். நல்லது, கற்றுக்கொள்வதில் தப்பில்லை.

ஆனால் பாதியைத்தான் காப்பி அடித்தார்கள். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பெரும்பாலான பகுதிகளில் பாஸ் சீசன் ஜூன் மாதத்தில்தான் திறக்கும். பெரும்பாலான மீன்கள் கூட்டில் காவல் இருக்கும் காலம் முடியட்டும் என்பதற்காக. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்கள் சிலவற்றிலும் அந்தக் காலத்தில் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. தெற்கு மாநிலங்களில் பல இடங்களில் அப்படித் தடை இல்லைதான், ஆனால் அங்கேயும் கூட்டில் இருக்கும் மீனைப் பிடிக்கலாமா என்று தூண்டில்காரர்களே பல வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையாவது நம்மிடம் நடந்திருக்கிறதா? தவளையை இறக்குமதி செய்தோம், ராடை இறக்குமதி செய்தோம், மனசாட்சிக்கு மட்டும் கஸ்டம்ஸில் கிளியரன்ஸ் கிடைக்கவில்லை போல :-)

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடற்கரைக்கு வாருங்கள். தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001-ல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017-ல் 61 நாளானது. மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதற்காக. கடன் வாங்கிப் படகு ஓட்டுகிறவர், அதை நம்பிச் சோறு தின்கிறவர், ரெண்டு மாதம் கரையில் உட்கார்ந்திருக்கிறார். அதே ரெண்டு மாதத்தில், பொழுதுபோக்குக்குத் தூண்டில் பிடிக்கிற நாம், வயிற்றுக்கு வழி இருக்கிற நாம், குளத்தில் குஞ்சு காக்கும் மீனைத் தேடித் தேடி இழுக்கிறோம். கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

இனி வழக்கமாக வரும் எதிர்வாதங்கள். ஃபிரெண்டுகளிடம் பேசிப் பேசி எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"குத்தகைக்காரன் வலை போட்டு மொத்தமா அள்ளுறான். நான் ஒண்ணு புடிச்சா குளம் காலியாயிடுமா?"

குத்தகைக்காரர் அள்ளுவது பெரும்பாலும் அவரே விட்ட மீனை. கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் ஆற்று மீன்கள். தேங்கிய குளத்தில் பொதுவாக முட்டையிட்டுப் பெருகாது. பண்ணையில் ஊசி போட்டுக் குஞ்சு பொரிக்க வைத்து, விரலிகளாகக் கொண்டுவந்து குளத்தில் விடுகிறார்கள். அள்ளினால் அடுத்த வருஷம் மறுபடி விடுவார்கள். ஊர்க் குளத்து விராலை அப்படி யாரும் வண்டியில் கொண்டுவந்து கொட்டுவதில்லை. அது தானாக வந்தது, தானாகப் பெருகினால்தான் உண்டு. வலைக்கும் அவ்வளவு லேசில் சிக்காது, பாசிக்குள்ளும் சேற்றுக்குள்ளும் புகுந்துகொள்ளும். வலையிடம் தப்பித்த விராலை அதன் பிள்ளைப் பாசத்தை வைத்துப் பிடிக்கிற ஒரே ஆள் நாம்தான். ஒரு ஜோடியின் குஞ்சுக் கூட்டம் சில நூறிலிருந்து ஆயிரக்கணக்கு வரை இருக்கும். நீங்கள் பிடித்தது ஒன்று இல்லை சார்.

"நான் புடிச்சிட்டு விட்டுடுவேன். கேட்ச் அண்ட் ரிலீஸ்."

இதுதான் கேட்க ரொம்ப நாகரிகமாக இருக்கும். விட்டுவிடுவது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் முள்ளைக் கழற்றி, எடை பார்த்து, போட்டோ எடுத்து, ரீலுக்கு ஒரு ஷாட் எடுத்து, விடுவதற்குள் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் ஜிலேபிக்கு விருந்து. பாஸ் மீனில் இதைக் கனடாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். கூட்டிலிருந்து பிடித்துவிட்டு விட்ட மீன் திரும்பிப் போவதற்குள் மற்ற மீன்கள் குஞ்சை மேய்ந்துவிடுகின்றன. குறைந்துபோன குஞ்சுகளைப் பார்த்து, களைத்த தகப்பன் கூட்டையே கைவிட்டுப் போவதும் நடக்கிறது. விராலுக்கு ரெண்டு பேர் காவல் என்பதால் ஒருவேளை இன்னொன்று சமாளிக்கலாம். ஆனால் நம் அண்ணன்மார் ஒன்றோடு நிறுத்துவதில்லையே. "ஜோடியைத் தூக்கிட்டோம் மக்களே" என்றல்லவா தலைப்பு வைக்கிறார்கள்.

"மதுரைப் பக்கம் கோடையில கண்மாய் வத்துனா ஊரே இறங்கி மீன் புடிக்கிறாங்களே. அதைக் கேக்க மாட்டியா?"

நல்ல கேள்வி. மீன்பிடித் திருவிழா. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கண்மாய் வற்றும் காலத்தில் நடக்கும். ஊத்தா, கச்சா, பரி எல்லாம் எடுத்துக்கொண்டு ஊர் மொத்தமும் இறங்கும். ஆனால் அதன் ஒழுங்கைக் கவனியுங்கள். அந்த நாள் வரும்வரை யாரும் கண்மாயில் கை வைப்பதில்லை. தண்ணீர் முழுக்கப் போய் மீன் எப்படியும் சாகும் என்ற கட்டத்தில்தான் இறங்குகிறார்கள். பெரியவர்கள் துண்டை வீசினால்தான் ஆரம்பம். கிடைத்தது வீட்டுக் குழம்புக்கு. அது ஊர் கட்டுப்பாட்டோடு காத்திருந்து எடுக்கிற அறுவடை. காத்திருக்கத் தெரியாதவன் திருவிழாவைச் சாட்சிக்குக் கூப்பிடக் கூடாது.

"சட்டத்துல இருக்கா?"

தோட்டா போட்டும் விஷம் கலந்தும் மீன் பிடிக்கக் கூடாது என்று 1897-ஆம் வருஷ இந்திய மீன்வளச் சட்டத்திலேயே இருக்கிறது. அப்படி இருந்தும் வெடி வைக்கிறவன் வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். சட்டத்தில் இருப்பதையே செய்யாத ஊரில், சட்டத்தில் இல்லாததால் செய்கிறேன் என்பது என்ன நியாயம்? குஞ்சு மேல் தவளை போடாமல் இருக்க போலீஸ் வேண்டுமா?

இவ்வளவு கோபம் ஏன் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு மீனுக்கு இவ்வளவு பதிவா? திருப்பூர்க்காரனாக யோசியுங்கள்.

எங்கள் வீட்டிலிருந்து நொய்யலுக்கு நடந்தே போய்விடலாம். வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது துண்டை விரித்து அதில் கெண்டைக் குஞ்சு பிடித்திருக்கிறார். நான் அதே ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்திருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். பனியன் உலகம் முழுக்கப் போனது, சாயத் தண்ணீர் ஆற்றில் போனது. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்குகிற தொட்டியாக மாறியது. சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பெல்லாம் தண்ணீரோடு வந்து வயலையும் கிணற்றையும் கெடுத்தது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் சலவைப் பட்டறைகளையும் மூடச் சொன்னது. கழிவை ஒரு சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் இறுகியது.

இதில் நானும் குற்றவாளிதான். என் ஸ்கூல் ஃபீஸ் அந்தப் பனியனில் வந்தது. இதை எழுதுகிற போனும் அதில்தான் வந்தது. அதனால்தான் சொல்கிறேன்: ஒரு ஆற்றையே செலவழித்துவிட்ட ஊர் நம்முடையது. மிச்சம் இருப்பது அங்கங்கே சில குளங்கள். அந்தக் குளங்களில் யார் தயவும் இல்லாமல் தானாகப் பிழைத்துக் கிடக்கிற ஒரு சொந்த மீன் விரால். பெரிய தப்பைச் செய்தவர்களுக்குக் கூலி, கடன், ஏற்றுமதி ஆர்டர் என்று சொல்ல ஒரு காரணமாவது இருந்தது. குஞ்சு மேல் தவளை போடுகிறவனுக்கு என்ன காரணம்? லைக்கா?

சரி, திட்டிவிட்டுப் போவது சுலபம். புதிதாக ஆரம்பிக்கிறவன் கோடையில் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள் அல்லவா? இந்த ஒரு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் கேளுங்கள். ஊர்க் குளங்களில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால், தூண்டில்தானே என்று பெரும்பாலும் விட்டுவிடுவார். கேட்காமல் போனால் அது திருட்டு. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கிற நஞ்சராயன் குளத்துக்குத் தூண்டிலோடு போகவே போகாதீர்கள். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே மீன் கொக்குக்கும் நாரைக்கும். அமராவதி அணையில் இஷ்டத்துக்கு இறங்காதீர்கள், அங்கே முதலைகள் இருக்கின்றன. நொய்யலில் பிடித்ததைத் தின்னாதீர்கள்.

ரெண்டாவது, ஜிலேபியில் ஆரம்பியுங்கள். ஆப்பிரிக்க மீன், 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. எந்தத் தண்ணீரிலும் வாழும், உப்பையும் தாங்கும், சில மாத வயதிலேயே இனம் பெருக்க ஆரம்பித்துவிடும். "அதுவும் குஞ்சைக் காக்குமே, தாய் வாயிலேயே வைத்து அடைகாக்குமே" என்று மடக்குவீர்கள். உண்மைதான். எனக்கு அதன் மேல் பகை ஒன்றும் இல்லை. ஆனால் அது குளத்தை நிரப்பி, நம் மீன்களின் தீனியையும் முட்டையையும் சேர்த்துத் தின்கிறது. அதில் பத்தைப் பிடித்தால் குளத்துக்கு நஷ்டம் இல்லை. விரால் ஜோடி ஒன்று போனால் நஷ்டம். கணக்கு இவ்வளவுதான்.

மூன்றாவது, ஐயாயிரம் ரூபாய் ராடு வேண்டாம். ஒரு மூங்கில் குச்சி, மெல்லிய நரம்பு, சின்ன முள், சோளத்தட்டையில் ஒரு துண்டு வெட்டித் தக்கை. ஜிலேபிக்கு வாய் சின்னது, பெரிய முள் போட்டால் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும். மண்புழுத் துண்டு போதும், கோதுமை மாவு உருண்டையும் போதும். தக்கை லேசாக ஆடும்போது இழுக்காதீர்கள், அது மோந்து பார்க்கிறது. தக்கை நகர்ந்து சாயும்போது இழுங்கள். முதுகு முள் குத்தும். ஈரத் துணியால் தலைப்பக்கமிருந்து தடவி முள்ளை மடக்கிப் பிடியுங்கள்.

நான்காவது, நேரம். ராத்திரி முழுக்கச் செடியும் பாசியும் மீனும் சேர்ந்து ஆக்சிஜனைச் செலவழிப்பதால், விடிவதற்குச் சற்று முன்னால்தான் குளத்தில் அது ரொம்பக் குறைவு. அதனால் நாலு மணிக்கே போய் உட்கார வேண்டாம். சூரியன் கொஞ்சம் ஏறிய பிறகு எட்டரை வரை, அப்புறம் சாயங்காலம் நாலரைக்கு மேல். நடுப்பகலில் மீனும் நிழல் தேடும், நீங்களும் தேடுங்கள். தண்ணீரில் இறங்காதீர்கள். மண் அள்ளிய குளங்களில் திடீர்ப் பள்ளம் இருக்கும், நீச்சல் தெரிந்தவனையும் சேறு விடாது.

ஐந்தாவது, தின்னப் போகும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்றுவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் துடிக்கவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது கேவலம், வெயிலில் மீனும் கெட்டுப்போகும். அறுந்த நரம்பைக் கரையில் விடாதீர்கள், பறவைக் காலில் சுற்றும். பிடித்த மீனை வேறு குளத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை அரசு தடை செய்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அது இன்னும் நம் தண்ணீரில் சுற்றுவது இப்படி ஆளுக்கு ஆள் தூக்கி விட்டதாலும்தான்.

விராலே பிடிக்கக் கூடாதா? பிடிக்கலாம். ஆரஞ்சுக் கூட்டம் இல்லாத இடத்தில், பாசி ஓரமாகத் தனியாகத் திரிகிற விராலைத் தேடிப் பிடியுங்கள். அது பசித்து வந்து கவ்வட்டும். அங்கே மாட்டுவது கஷ்டம், நாள் கணக்கில் வெறும் கையோடு திரும்ப வேண்டிவரும். அப்படித் திரும்பித் திரும்பி ஒரு நாள் மாட்டினால் அந்தச் சிரிப்பு உங்களுடையது, நானே லைக் போடுகிறேன். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் மட்டும் நூலைச் சுற்றிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய்விடுங்கள். இடத்தை போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள்.

போன மாதம் அதே குளத்துக்கு மூங்கில் குச்சியோடு போனேன். ஏழு ஜிலேபி மாட்டியது, உள்ளங்கை அகலம்கூட இல்லை. மறுகரையில் ஒரு இடத்தில் தண்ணீர் பொரிந்துகொண்டிருந்தது. ஃபிரெண்டு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "வேண்டாம்டா" என்று அவனே சொன்னான். ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு ஜிலேபி கூட்டத்துக்குப் பக்கத்தில் போனது. அடியிலிருந்து ஒரு கறுப்பு நிழல் சரக்கென்று வந்து அதை விரட்டியது.

அந்தப் பெரியவர் அன்றைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அதைத்தான் இங்கே இவ்வளவு நீளமாகச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போகிறோம். மூங்கில் குச்சி ரெண்டு எக்ஸ்ட்ரா இருக்கிறது. மண்புழு நீங்கள்தான் தோண்ட வேண்டும்.